நண்பனோட நிக்காஹ் பள்ளிவாசல்ல, முஸ்லிம் அல்லாத நாங்க போறோம், என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

#1 கடைசிபெஞ்ச்
மக்களே ஒரு ஹெல்ப். கூட வேலை பாக்கற நண்பன், பதினோரு வருஷப் பழக்கம், அடுத்த மாசம் கல்யாணம். பள்ளிவாசல்லயே நிக்காஹ் வெச்சிருக்காங்க. பத்திரிகைல மணியே போடல, 'அஸர் தொழுகைக்குப் பின்'னு மட்டும்தான் இருக்கு. நான், மனைவி, ஏழு வயசுப் பொண்ணு மூணு பேரும் போறோம். இதுவரைக்கும் நான் ஒரு பள்ளிவாசல் படி மிதிச்சதில்ல. அவன்கிட்டயே கேக்கலாம்தான், ஆனா அவன் இருக்கற டென்ஷன்ல 'நீ வாடா அது போதும்'னு சொல்லி போனை வெச்சிடறான்.

என்ன டிரஸ் போடறது, தொப்பி வேணுமா, எல்லாரும் தொழும்போது நான் எங்க நிக்கறது, மனைவி என்கூட உக்கார முடியுமா. இன்னொண்ணு, என் கல்யாணத்துக்கு சாட்சி நீதான்டான்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தான், அது நடக்கற காரியமா? மனைவிக்கு வேற ஒரு கவலை. அவள எங்கயோ ஒரு ரூம்ல உக்கார வெச்சிட்டு மெயின் ஃபங்ஷன் பூரா நான் மட்டும் பாத்துட்டு வந்துடுவேனாம். இப்பவே மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கா.

#2 மொட்டைமாடி
சாக்ஸ் ஓட்டை இல்லாம பாத்துக்கங்க ப்ரோ. மத்ததெல்லாம் தானா நடக்கும்.

#3 நிலாமுற்றம்
கடைசிபெஞ்ச், முதல்ல நேர விஷயத்த சொல்லிடறேன், வெளியில இருந்து வர்றவங்க ஏமாறுறதே அங்கதான். மணி போடாததுக்குக் காரணம் இருக்கு. தொழுகை நேரம் சூரியன வெச்சு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகந்துட்டே இருக்கும். அதுலயும் பாங்கு சொல்ற நேரம் வேற, ஜமாஅத் (எல்லாரும் சேர்ந்து தொழறது) நிக்கற நேரம் வேற, நடுவுல எவ்வளவு இடைவெளிங்கறது ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கணக்கு. அதனால 'அஸர் எப்போ'ன்னு கேக்காதீங்க, 'ஜமாஅத் எத்தனை மணிக்கு'ன்னு கேளுங்க.

அஸர்ங்கறது பிற்பகல் தொழுகை, நாலு ரக்அத் (நின்னு, குனிஞ்சு, தலை தாழ்த்தற ஒரு சுத்து), பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். மஃக்ரிபுக்கு (சூரியன் மறைஞ்சதும் தொழறது) பிறகு நிக்காஹ்னா ஃபர்ளு, அதாவது கட்டாயத் தொழுகை முடிஞ்சு ஆளாளுக்கு ரெண்டு ரக்அத் சுன்னத், அதாவது கூடுதல் தொழுகை தொழுவாங்க, லேட்டா வர்றவங்களுக்கு அதுல கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அஸருக்குப் பின்னாடி சுன்னத் கிடையாது. தொழுகை நடத்தற இமாம் சலாம் சொல்லி தொழுகைய முடிச்சு, துஆ (பிரார்த்தனை) முடிச்சு, ஜனங்க பக்கம் திரும்பி உக்காந்தார்னா நிக்காஹ் ஆரம்பம். கல்யாணம்தானே, ஒரு அரைமணி முன்னபின்ன போலாம்னு நினைச்சீங்கன்னா போய் கைகுலுக்கிட்டு சாப்பிட்டுட்டு வர வேண்டியதுதான்.

தொழுகை நடக்கும்போது நீங்க பின்பக்கம் சுவரோரமா உக்காந்து பாக்கலாம், இல்ல வெளி வராண்டாவுல இருந்துட்டு முடிஞ்சதும் உள்ள வரலாம். யாரும் உங்கள வரிசைல வந்து நில்லுன்னு இழுக்க மாட்டாங்க. ஒளு (தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவறது) செய்யணும்னும் இல்ல, அது தொழறவங்களுக்கு.

உங்க மனைவி விஷயம். பெண்களுக்கு தனி இடம்தான், மாடியோ பக்கத்து ஹாலோ திரைக்கு அந்தப் பக்கமோ, பள்ளியோட அமைப்பப் பொறுத்தது. சில பள்ளிகள்ல அந்த வசதியே இருக்காது, பொண்ணு வீட்லயோ வேற ஹாலயோ இருப்பாங்க, அத மட்டும் முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், பொண்ணு எங்க இருக்காங்களோ அங்கதான் உங்க மனைவியும் இருப்பாங்க. உங்க பக்கம் பொண்ணு வரவே மாட்டாங்க. மெயின் ஃபங்ஷன யாரு பாத்தாங்கன்னு போயிட்டு வந்து பேசுங்க :)

#4 மொட்டைமாடி
அக்கா சொன்ன அந்த அரைமணி லேட் கேஸ் நான்தான். நண்பன் கல்யாணம், அஸருக்குப் பின், ஜம்முன்னு கோட் எல்லாம் போட்டு கிளம்பி அங்க போய் சேர்ந்தா மாப்பிள்ளை வெளிய நின்னு ஒவ்வொருத்தரா கட்டிப்பிடிச்சிட்டு இருக்கான். நான் போய் 'டேய் இன்னும் ஆரம்பிக்கலயா நல்லவேளை'ன்னேன். அவன் என்னையே பாத்துட்டு 'முடிஞ்சு இருபது நிமிஷம் ஆச்சுடா'ங்கறான். இன்னிக்கு வரைக்கும் அவன் வீட்ல எனக்கு பேரே 'நல்லவேளை'தான்.

அப்புறம் சாக்ஸ். ஷூவ வாசல்ல கழட்டினா இடது கால் கட்டைவிரல் மட்டும் வெளிய எட்டிப் பாக்குது. உள்ள எல்லாரும் தரைல சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க, அங்க போய் கட்டைவிரல எங்க ஒளிய வைக்கறது. ஒரு பெரியவர் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம தன் துண்ட எடுத்து என் மடில போட்டார். அந்த மனுஷன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

#5 நேர்பேச்சு
நான் ஒண்ணு கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வழிபாட்டு இடத்துக்குள்ள நாம எதுக்கு போகணும். சாயங்காலம் ரிசப்ஷன் இருக்கும்ல, அங்க போய் கைகுலுக்கி கிஃப்ட் கொடுத்துட்டு வந்தா போச்சு. அவங்களுக்கும் சங்கடம் இல்ல நமக்கும் சங்கடம் இல்ல. இத்தனை கேள்வி கேட்டு, தொப்பி போடணுமா முக்காடு போடணுமான்னு ஒரு கல்யாணத்துக்கு யாராவது போவாங்களா

#6 கடைசிபெஞ்ச்
நேர்பேச்சு சார், அவன் ரிசப்ஷனுக்கு மட்டும் கூப்பிட்டிருந்தா ரிசப்ஷனுக்கு மட்டும் போயிருப்பேன். நிக்காஹ்க்கு வாடான்னுதான் கூப்பிட்டான். பதினோரு வருஷம் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவன்கிட்ட போய் உன் கல்யாணத்துக்கு வரல சாப்பாட்டுக்கு மட்டும் வர்றேன்னு சொல்றது எனக்கு அதவிட பெரிய சங்கடம்.

#7 இரவுப்பறவை
நானும் முஸ்லிம்தான். நேர்பேச்சு சொல்றதுல பாதி சரின்னு படுது. பள்ளிக்குள்ள மத்த மதத்தவங்க வரக்கூடாதுன்னுதான் எங்க வீட்ல சின்ன வயசுல இருந்து சொல்லுவாங்க. சகோதரர் மனசு நோகணும்னு சொல்லல, சட்டம் அப்படின்னா அப்படித்தானே.

#8 பழையகிதாப்
இரவுப்பறவை தம்பி, 'சட்டம் அப்படி'ன்னு ஒரே வரில முடிச்சிட முடியாது, இது மத்ஹப்களுக்குள்ள, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்குள்ள பழைய பேச்சு. நெருங்கக் கூடாதுன்னு குர்ஆன் 9:28 பேசறது மக்காவுல இருக்கற மஸ்ஜிதுல் ஹராமப் பத்தி. மத்த பள்ளிகளப் பத்தி பழைய அறிஞர்களுக்குள்ள கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபுல முஸ்லிம்களோட அனுமதி இருந்தா வரலாம். ஹனஃபில இன்னும் தாராளம். மாலிகிதான் தேவை இல்லாம கூடாதுன்னு இறுக்கிப் பிடிக்கறவங்க. ஹன்பலில ரெண்டு விதமாவும் சொல்லுவாங்க. உங்க வீட்ல சொன்னதுக்கும் ஒரு மூலம் இருக்கலாம், ஆனா அது ஒண்ணே ஒண்ணுதான் மார்க்கம்னு சொல்லக்கூடாது.

நபியவங்க காலத்துலயே பாருங்க. யமாமா தலைவர் துமாமா இப்னு உஸால் பிடிபட்டு வந்தப்ப அவர மதீனா பள்ளிவாசல் தூண்லதான் கட்டி வெச்சாங்க, அப்ப அவர் முஸ்லிம் இல்ல. மூணு நாள் அங்கயே இருந்தார், தினமும் நபியவங்க வந்து பேசினாங்க, அப்புறம் அவிழ்த்து விடச் சொல்லிட்டாங்க. நபிமொழிகளத் தொகுத்த புகாரி நூல்ல இருக்கற சம்பவம் இது. நஜ்ரான்ல இருந்து கிறிஸ்தவக் குழு வந்தப்ப அவங்க தொழுகை நேரம் வந்துடுச்சு, பள்ளிக்குள்ளயே கிழக்குப் பக்கம் திரும்பி தொழ விட்டாங்கன்னு இப்னு இஸ்ஹாக் தன்னோட சீறாவுல (நபியவங்க வரலாறு) எழுதியிருக்கார். அந்த இடத்துல ஒருத்தர் கல்யாணம் பாக்க வந்து சுவரோரமா உக்கார்றது அவ்வளவு பெரிய விஷயமா என்ன.

நடைமுறைலயும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். மொராக்கோவுல பெரும்பாலான பள்ளிகளுக்குள்ள முஸ்லிம் அல்லாதவங்க போக முடியாது, ஆனா காசாபிளாங்காவுல 1993ல திறந்த இரண்டாம் ஹசன் பள்ளில டிக்கெட் எடுத்து உள்ள சுத்திப் பாக்கலாம். அபுதாபி ஷேக் ஸாயித் பள்ளி 2007ல திறந்ததுல இருந்து எல்லா மதத்துக்காரங்களும் வந்து போறாங்க. கடைசிபெஞ்சுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. அந்தப் பள்ளி நிர்வாகம் சரின்னு சொல்லுச்சா, அது போதும். மாப்பிள்ளை வீட்ல ஒருத்தர விட்டு நிர்வாகத்துல ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லுங்க. வாசல்ல யாராவது புரியாம நிறுத்திட்டா மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

#9 இரவுப்பறவை
துமாமா சம்பவம் கேள்விப்பட்டிருக்கேன், ஆனா இதோட சேத்து யோசிச்சதில்ல. ஜஸாக்கல்லாஹ், ரொம்ப நன்றி அண்ணே. சகோதரர் தாராளமா போங்க.

#10 மட்டுறுத்துநர்
நடுவுல இருந்த ரெண்டு அரசியல் பதிவுகள நீக்கியாச்சு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

#11 பழையகிதாப்
சாட்சி விஷயம் விட்டுப் போச்சு. மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டு பேரும் முஸ்லிமா இருந்தா நிக்காஹ் சாட்சிகளும் முஸ்லிமா, வயசுக்கு வந்தவங்களா இருக்கணும். பொண்ணு பக்கத்துக்கு வலீ (அவங்க சார்பா நிக்கற பொறுப்பாளர்), சாட்சிக்கு ரெண்டு பேரு, அங்க உங்களுக்கு இடம் இல்ல. அரசாங்கப் பதிவு தனி, அதுக்கான சாட்சி யாருங்கறது அந்த நாட்டு சட்டப்படி, பல இடங்கள்ல மதம் பாக்கறதில்ல. உங்க நண்பர் ஆசைய அங்க நிறைவேத்திக்கலாம். நிக்காஹ் அன்னிக்கு கடைசி நேரத்துல 'டேய் வா கையெழுத்து போடு'ன்னு அவர் கூப்பிட்டு, இமாம் வேணாம்னு சொல்லி, எல்லாரும் திரும்பிப் பாத்து, அப்படி ஒரு நிலைமை வராம இப்பவே பேசிடுங்க.

#12 கடைசிபெஞ்ச்
இது தெரியாமலே ரெண்டு வருஷம் பெருமை பேசிட்டு இருந்திருக்கோம் ரெண்டு பேரும். இன்னிக்கே பேசிடறேன். நன்றி ஐயா.

#13 தேன்மிட்டாய்
கேக்க கொஞ்சம் கூச்சமா இருக்கு ஆனா கடைசிபெஞ்ச் மனைவிக்கும் உபயோகப்படும்னு கேக்கறேன். எனக்கும் இதே மாதிரி ஒரு அழைப்பு வந்திருக்கு, அன்னிக்கு பீரியட்ஸ் வந்தா போலாமா வேணாமா? யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல

#14 நிலாமுற்றம்
கூச்சமே வேணாம்மா, எங்க வீட்ல கல்யாணம்னா எங்களுக்குள்ளயே முதல்ல பேசிக்கற விஷயம் இதுதான். அந்த நாட்கள்ல முஸ்லிம் பெண்கள் தொழுகை இடத்துக்குள்ள தங்கக்கூடாதுன்னுதான் பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. அதனால எந்தக் கல்யாணத்துலயும் நாலஞ்சு பேரு உள்ள வராம பக்கத்து ரூம்லயோ வராண்டாவுலயோ உக்காந்துதான் இருப்போம், அது ஒரு தனி ஜமா, சிரிப்பும் கதையும் அங்கதான் ஜாஸ்தி. விருந்தாளிய யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கவும் கூடாது. மனசுக்கு உறுத்தலா இருந்தா எங்க கூட வராண்டாவுல வந்து உக்காருங்க, எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கல்யாணத்துக்கே போகாம இருந்துடாதீங்க.

டிரஸ்னா முழுக்கை, கணுக்கால் வரைக்கும், உடம்போட ஒட்டாம. தலைய மூட ஒரு ஷால். வழுக்கற சில்க் வேணாம், பருத்தில எடுங்க. சில்க் ஷால் போட்டுட்டு ஒரு மணி நேரம் பூரா அத இழுத்து விட்டுட்டே இருந்த விருந்தாளிகள நிறைய பாத்திருக்கேன், பாவம் அவங்க கல்யாணத்த பாக்கவே இல்ல. ரெண்டு சேஃப்டி பின் எடுத்துட்டு போங்க.

#15 கடைசிபெஞ்ச்
பொண்ணுக்கு? ஏழு வயசு.

#16 நிலாமுற்றம்
குழந்தைக்கு கட்டாயம் ஒண்ணும் இல்ல, கவுன் போட்டா உள்ள லெக்கின்ஸ் போட்டு விடுங்க போதும். அவ சைஸ் பசங்கள பாத்ததும் தானா ஷால் கேப்பா பாருங்க. அந்த வயசுக்கு ரெண்டு பக்கமும் பாஸ் உண்டு, உங்ககிட்டயும் ஓடி வருவா அம்மாகிட்டயும் ஓடுவா. தொழறவங்க முன்னாடி ஓடாம மட்டும் பாத்துக்கங்க.

#17 மொட்டைமாடி
அந்த கடைசி வரி பெரியவங்களுக்கும்தான். நானும் அத செஞ்சிருக்கேன் (ஆமா, நான் எல்லாத்தையும் செஞ்சிருக்கேன்). தொழுகை முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சு எழுந்து போனை எடுக்க குறுக்க நடந்தேன், ஒரு பையன் இன்னும் தொழுதுட்டு இருந்திருக்கான், லேட்டா வந்தவன் போல. அவன் கைய நீட்டி என் முழங்கால தடுத்தான். தொழுகைய விடல, என்னை பாக்கவும் இல்ல, கை மட்டும் ரயில்வே கேட் மாதிரி வருது. நான் அப்படியே உறைஞ்சு நின்னுட்டேன்

#18 பழையகிதாப்
அந்தப் பையன் செஞ்சதுக்கு ஆதாரம் இருக்கு. தொழறவர் முன்னாடி கடந்து போறவருக்கு அதோட பாவம் தெரிஞ்சா நாற்பது நிக்கறது மேல்னு நினைப்பார்னு ஒரு ஹதீஸ் (நபிமொழி). நாற்பது நாளா, மாசமா, வருஷமான்னு எனக்குத் தெரியலன்னு அத அறிவிச்சவங்கள்ல ஒருத்தரே சொல்லிட்டார், புகாரில அப்படியே பதிவாகியிருக்கு. அதனால யாராவது நின்னுட்டு இருந்தா பின்பக்கமா சுத்திப் போங்க, இல்ல அவர் முடிக்கற வரைக்கும் இருங்க.

#19 கடைசிபெஞ்ச்
சரி. இப்போ நிக்காஹ்ல என்ன நடக்கும்னு யாராவது வரிசையா சொல்லுங்க, பேந்தப் பேந்த முழிச்சிட்டு உக்கார வேணாம். துஆ நேரத்துல எல்லாரும் கை ஏந்துவாங்களாமே, அப்ப நான் என்ன செய்யறது? தொப்பி?

#20 பழையகிதாப்
தொப்பி கட்டாயம் இல்ல. முஸ்லிம்லயே போடாதவங்க அங்க இருப்பாங்க. நண்பர் வீட்ல ஆசையா ஒண்ணு கொடுத்தா போட்டுக்கங்க, அது அவங்க அன்பு. நீங்களா வாங்கிப் போட்டுட்டு போக வேண்டியதில்ல. முழு பேன்ட், காலர் வெச்ச சட்டை. முதுகுல பெரிய படமோ மூஞ்சியோ போட்ட சட்டை வேணாம், பின்னாடி வரிசைல தொழறவர் கண்ணு பூரா அதுலதான் இருக்கும்.

நிக்காஹ் எளிமையானது. இமாம் முதல்ல அரபில குத்பா (உரை) ஓதுவார். பெரும்பாலும் நிசா அத்தியாயத்தோட முதல் வசனம், ஆல இம்ரான் 102, அஹ்ஸாப் 70, 71, இதெல்லாம் அதுல வரும். இறைவனுக்கு அஞ்சுங்க, நேர்மையான சொல்லையே பேசுங்கன்னு சாரம். அப்புறம் கொஞ்ச நேரம் பேசுவார். சிலர் ரெண்டு நிமிஷம், சிலருக்கு மைக் கிடைச்சா விட மனசு வராது. அதுக்குப் பிறகுதான் விஷயம். பொண்ணோட வலீ, பெரும்பாலும் அப்பா, இல்ல அவர் சார்பா இமாம், 'என் மகளை இவ்வளவு மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்'னு சொல்லணும் (மஹர்னா மாப்பிள்ளை பொண்ணுக்கு கொடுக்கறது), மாப்பிள்ளை 'ஒப்புக்கொண்டேன்'னு சொல்லணும். இந்த ரெண்டு வாக்கியம்தான் கல்யாணம். ரெண்டு சாட்சி காதுலயும் அது தெளிவா விழணும். அசந்து தும்மினீங்கன்னா போச்சு.

அப்புறம் துஆ. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் (அருள்) செய்யட்டும், உங்க மேல பரக்கத் பொழியட்டும், உங்க ரெண்டு பேரையும் நன்மைல ஒண்ணு சேக்கட்டும்னு நபியவங்க புதுமணத் தம்பதிக்கு சொன்ன துஆ ஒண்ணு இருக்கு, அத கண்டிப்பா ஓதுவாங்க. அந்த நேரத்துல நீங்க கைய மடில வெச்சு அமைதியா இருந்தா போதும். ஆமீன் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க, தோணலன்னா வேணாம், யாரும் உங்க உதட்ட கவனிச்சிட்டு இருக்க மாட்டாங்க.

#21 நேர்பேச்சு
அந்த மஹர்னு சொல்றது பொண்ணுக்கு விலை பேசற மாதிரி மைக்ல சொல்றாங்களே, கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. நிஜமாவே தெரியாமதான் கேக்கறேன்.

#22 நிலாமுற்றம்
தெரியாம கேக்கறீங்கன்னு சொன்னதால கோபப்படாம சொல்றேன் :) விலைன்னா பொண்ணப் பெத்தவங்க கைக்கு போகணும்ல? மஹர் பொண்ணோட கைக்குப் போறது. மாப்பிள்ளை கொடுக்கணும், வாங்கறது அவ, அவளுக்கு மட்டுமே சொந்தம், அப்பாவுக்கும் அதுல உரிமை இல்ல புருஷனுக்கும் இல்ல. குர்ஆன் 4:4, பெண்களுக்கு அவங்க மஹர மனமுவந்து கொடுத்துடுங்கன்னு. மைக்ல ஏன் சொல்றாங்கன்னா நாளைக்கு யாரும் இல்லன்னு மழுப்பக் கூடாதுன்னுதான். ஊரே கேட்டாச்சுல்ல.

தொகைதான் பெருசா இருக்கணும்னும் இல்ல. கைல ஒண்ணுமே இல்லாத ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கணும்னு வந்தப்ப ஒரு இரும்பு மோதிரமாவது தேடிட்டு வாங்கன்னு நபியவங்க சொன்னாங்க, அதுவும் கிடைக்கல, கடைசில அவருக்கு மனப்பாடமா தெரிஞ்ச குர்ஆன் அத்தியாயங்களையே மஹரா வெச்சு முடிச்சு வெச்சாங்க. என் மஹர் என்னன்னு கேக்காதீங்க, அத வெச்சு என் வீட்டுக்காரர இன்னும் கிண்டல் பண்ணிட்டு இருக்கேன்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். ஆண்கள் பக்கம் நடக்கறதுக்கு முன்னாடியே பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டாகணும். அப்பாவோ பெரியவங்களோ சாட்சிகளோட வந்து, இன்னாருக்கு இவ்வளவு மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்க சம்மதமான்னு கேப்பாங்க. முதல் கல்யாணம்னா வெக்கத்துல பேசாம இருந்தாலும் அது சம்மதம்னு ஹதீஸ்ல இருக்கு, ஆனா இப்பல்லாம் வாயத் திறந்து சொல்லச் சொல்லுவாங்க, அதுதான் நல்லது. என்னைக் கேட்டப்ப எனக்கு குரலே வரல, என் பாட்டி தொடைல கிள்ளினாங்க.

#23 நேர்பேச்சு
இப்படி யாரும் சொன்னதில்ல. சரி, எடுத்துக்கறேன்.

#24 தேன்மிட்டாய்
போட்டோ எடுக்கலாமா

#25 நிலாமுற்றம்
ஆண்கள் பக்கம் பெரும்பாலும் பிரச்சனை இல்ல, ஆனா ஒரு தடவ கேட்டுக்கங்க, சில பள்ளில வேணாம்னு போர்டே வெச்சிருப்பாங்க. பெண்கள் பக்கம் கேக்காம எடுக்கவே எடுக்காதீங்க. பொண்ணே சரின்னு சொன்னாலும் பின்னாடி உக்காந்திருக்கறவங்க சொல்லல, அங்க முக்காட எடுத்துட்டு ஃப்ரீயா இருப்பாங்க. அந்தப் படம் ஸ்டேட்டஸ்ல போச்சுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க எத்தனை பேருக்கு பதில் சொல்லணும்னு யோசிங்க.

#26 மொட்டைமாடி
போனை சைலன்ட்ல போடுங்க. வைப்ரேட் கூட வேணாம். குத்பா நடுவுல என் பக்கத்துல உக்காந்திருந்த ஆபீஸ் நண்பர் போன் அடிச்சுது, ரிங்டோன் குத்துப்பாட்டு. மனுஷன் பதட்டத்துல எந்த பாக்கெட்னு தெரியாம தடவுறார், பாட்டு சரணத்துக்கே போயிடுச்சு. இமாம் நிறுத்திட்டு சிரிச்சுக்கிட்டே 'முடியட்டும்'னார். மொத்த பள்ளியும் சிரிச்சுது, எனக்கென்னவோ அதோட தான் இறுக்கம் போச்சுன்னு தோணுது, ஆனா அத நம்பி ரிஸ்க் எடுக்காதீங்க.

மத்தது சின்னச் சின்ன விஷயம். தரைல உக்கார முடியலன்னா ஓரத்துல நாற்காலி இருக்கும், கேளுங்க, மூட்டுவலி எல்லா மதத்துக்கும் பொது. குர்ஆன் வெச்சிருக்கற ஷெல்ஃப்ல சாயாதீங்க. அந்தப் பக்கப் பெண்கள் கை நீட்டலன்னா நீங்க நீட்டாதீங்க, நெஞ்சுல கை வெச்சு தலைய ஆட்டினா போதும், நல்லாவும் இருக்கும். கிஃப்ட் எதுவும் கொடுக்கலாம், பாட்டில் வேணாம்னு நான் சொல்லித் தெரிய வேணாம்.

#27 பழையகிதாப்
இன்னும் ஒண்ணு, சிரிக்காதீங்க. பச்சை வெங்காயம், பூண்டு சாப்பிட்டவங்க அந்த வாடையோட பள்ளிக்கு வர வேணாம்னு ஹதீஸ் இருக்கு. எங்களுக்கே சொன்னதுதான். நெருக்கமா உக்கார்ற இடம், அவ்வளவுதான் காரணம்.

வலீமா விருந்துக்கும் கூப்பிட்டிருந்தா போங்க, வந்துட்டு சாப்பிடாம நழுவாதீங்க. ஒரு ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுங்கன்னு புதுசா கல்யாணம் பண்ணின அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் கிட்ட நபியவங்க சொன்னாங்க. பணக்காரங்கள கூப்பிட்டு ஏழைகள விட்டுட்ட வலீமா சாப்பாடுதான் சாப்பாட்டுலயே மட்டம்னும் இருக்கு. அதனால பந்தில உங்க பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு சொல்ல முடியாது, பேசிட்டே சாப்பிடுங்க.

#28 கடைசிபெஞ்ச்
எல்லாத்தையும் நோட் பண்ணிட்டேன். போயிட்டு வந்து எழுதறேன்.

#29 கடைசிபெஞ்ச்
போயிட்டு வந்துட்டோம். பெருசா எழுதறேன், பொறுத்துக்கங்க.

ஜமாஅத் நேரம் கேட்டு வெச்சிருந்ததால இருபது நிமிஷம் முன்னாடியே போய் நின்னுட்டோம். வாசல்ல மாப்பிள்ளையோட சித்தப்பா, 'நீங்கதான் அந்த பதினோரு வருஷமா'ன்னு கேட்டு என் கையப் பிடிச்சவர் தொழுகை ஆரம்பிக்கற வரைக்கும் விடவே இல்ல. சாட்சி விஷயம் முன்னாடியே பேசினதால நல்லதாப் போச்சு. அவனும் விசாரிச்சிருக்கான், பதிவு ஆபீஸ்ல போடலாமாம், அடுத்த வாரம் போறோம். தொழ போறதுக்கு முன்னாடி வாட்ச், போன், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி என் சட்டைப் பைல போட்டுட்டு 'இது உன்கிட்ட இருக்கட்டும்'னான். நிக்காஹ் பூரா என் நெஞ்சுல அவன் வாட்ச் டிக் டிக்னு அடிச்சிட்டே இருந்துச்சு.

தொழுகைய பின்னாடி தூண் பக்கம் உக்காந்து பாத்தேன். அத்தனை பேரு ஒரே நேரத்துல குனிஞ்சு எழும்போது துணி உரசற சத்தம் ஒண்ணு வருது, மைக்ல வராத சத்தம், அத யாரும் எனக்கு சொல்லல. அப்புறம் இமாம் திரும்பினார், குத்பா, ஒரு சின்ன பேச்சு. அந்த ரெண்டு வாக்கியம் வந்தப்ப நான் கழுத்த எட்டிப் பாத்தேன், முன்னாடி ஒரு உயரமான ஆளு, பின்னந்தலைதான் தெரிஞ்சுது. 'ஒப்புக்கொண்டேன்'னு அவன் குரல் மட்டும் கேட்டுச்சு, பாதில உடைஞ்சுது. முடிஞ்சுது. கடிகாரம் பாத்தேன், இமாம் திரும்பினதுல இருந்து பதினேழு நிமிஷம். நான் பாத்தது மொத்தமா ஒரு பின்னந்தலை.

வெளிய வந்து மனைவிய தேடினா கண்ணு சிவந்து நிக்கறா. எனக்கு பக்குன்னுச்சு, யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களோன்னு. கேட்டா, அவள கொண்டு போய் பொண்ணு பக்கத்துலயே உக்கார வெச்சிருக்காங்க. அப்பா ரெண்டு பேரோட வந்து தரைல பொண்ணுக்கு எதிர உக்காந்தாராம். எழுதிட்டு வந்த காகிதத்த பாத்துப் படிக்க ஆரம்பிச்சு, அவ பேரு வந்ததும் நிறுத்திட்டாராம். திரும்ப ஆரம்பிச்சு திரும்பவும் அதே இடத்துல நிறுத்திட்டாராம். அப்ப அந்தப் பொண்ணு அவர் கைய எடுத்து தன் கைல வெச்சுக்கிட்டு, அவர் கேள்விய முடிக்கறதுக்குள்ளயே 'சம்மதம் வாப்பா'ன்னு சத்தமா சொல்லிடுச்சாம். அறை பூரா அழுதிருக்கு. என் பொண்ணு அது எதையும் கவனிக்காம யாரோ ஒரு அக்கா கிட்ட மூணு பின் குத்தி ஷால் கட்டிக்கிட்டு இருந்திருக்கா, ராத்திரி தூங்கும்போதும் கழட்ட மாட்டேன்னுட்டா.

வீடு வர்ற வரைக்கும் மனைவி சொல்லிட்டே வந்தா, நான் கேட்டுட்டே வந்தேன். நிலாமுற்றம் அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு.

#30 நிலாமுற்றம்
'சம்மதம் வாப்பா' படிச்சதும் எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. தங்கச்சிக்கு என் சலாம் சொல்லுங்க.

#31 நேர்பேச்சு
நல்லா எழுதியிருக்கீங்க கடைசிபெஞ்ச். வாட்ச் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?

#32 கடைசிபெஞ்ச்
வாட்ச், மோதிரம் அன்னிக்கே கொடுத்துட்டேன். போனை மறந்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன், ராத்திரி பூரா வாழ்த்து வந்து அதிர்ந்துட்டே இருந்துச்சு. மறுநாள் போய் கொடுத்தா அவன் போன் காணோம்னே கவனிக்கல.

#33 மொட்டைமாடி
எல்லாம் சரி. சாக்ஸ்?

#34 கடைசிபெஞ்ச்
புதுசா மூணு ஜோடி வாங்கி, அதுலயே நல்லதா ஒண்ணு தேடிப் போட்டுட்டுப் போனேன். உள்ள போனா எல்லாரும் ஒளு செஞ்சிட்டு வெறுங்கால்ல உக்காந்திருக்காங்க. மொத்த பள்ளிலயும் சாக்ஸ் போட்ட ஆளு நான் ஒருத்தன்தான்.